எலிக்கு வராத நடுக்கம்

குருக்கள்மடத்துக் கேதீஸ்வரி எலிகளுக்குத் தீன் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள். மருத்துவம் படிப்பிக்கும் ஓரிடத்தில், ஆய்வுக்கு வளர்க்கும் எலிகளின் கூடுகளைப் பன்னிரண்டு வருசமாகக் கழுவுகிறாள். வீட்டுக்கு வந்தால் புருசன் உதயரூபன். நாற்பத்தெட்டு வயது. தோணி தள்ளின கை இப்போது தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்காமல் ஆடுகிறது. ஊட்டி, துடைத்து, உடுப்பு மாற்றி, பிறகு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். களைப்பு என்று சொல்லக்கூட அவளுக்கு அலுப்பு.

உதயரூபனின் தாய்க்கும் இதே நடுக்கம், தாய்மாமனுக்கும் இதே. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியாகத்தான் வரும். ஆகவே கேதீஸ்வரி ஒரு முடிவு கட்டி வைத்திருந்தாள்: இந்த நடுக்க வருத்தம் அவருடைய குடிக்குரியது, மகள் மேனுகா தன் குடி, அவளைத் தொடாது. ஊரும் ஓமென்றது. ஓமென்று சொல்ல ஊருக்கென்ன நட்டம்? அந்தத் தைரியத்தில் மகளுக்குக் கலியாணமும் செய்தாள். மேனுகாவுக்கு இப்போது வயிற்றில் நாலு மாதம்.

போன மாதம், இந்தியாவுக்கு அனுப்பிய உதயரூபனின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதைத் தான் வேலை செய்யும் இடத்தில் படிப்பிக்கும் காத்தான்குடி நிஸ்றாவிடம் நீட்டினாள்.

“மூளையில ஒரு புரதம் இருக்கு அக்கா. அதில ஒரு துண்டு அவருக்கு மாறிக் கிடக்கு. அதாலதான் நடுக்கம். ஆனா அந்த மாறின துண்டுதான் இந்த எலியள் எல்லாத்துக்கும் பிறவியிலேயே இருக்கு. அதுகளுக்கு ஒண்டும் செய்யாது.”

“எலிக்குச் செய்யாதது மனிசனுக்கு ஏன் மிஸ்?”

“எலியிட புரதத்தில வேற இடங்களும் வித்தியாசம். முழுக் காரணம் எங்களுக்கும் இன்னும் தெரியாது.”

கேதீஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. தீன் தின்கிற சனியன்கள் அதே சாமானை மண்டைக்குள் வைத்துக்கொண்டு கொழுத்துத் திரிகின்றன. ஒருவருக்கும் கெடுதல் நினையாத மனிசன் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கிடக்கிறார்.

“நல்லவேளை, புள்ள என்ட குடி,” என்றாள்.

நிஸ்றா தாளை மடித்து அவள் கையில் கொடுத்தாள். “குடியப் பாத்து வாறல்ல அக்கா. தாயிட்ட இருந்தும் வரும், தகப்பனிட்ட இருந்தும் வரும். மகளுக்கு வாறத்துக்குப் பாதி வாய்ப்பு, வராம விடுறத்துக்குப் பாதி.”

ஞாயிற்றுக்கிழமை மேனுகா வந்தாள். குசினியில் இருவரும் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, கேதீஸ்வரி ஒருவாறாகச் சொல்லி முடித்தாள்.

மேனுகா கத்தியை வைக்கவில்லை. “தெரியும்மா.”

“எப்ப இருந்து?”

“ஏழு வருசத்துக்கு முதல், பள்ளிக்கூடத்தில ஏ.எல். உயிரியல் படிக்கக்குள்ள இருந்து. அவருக்கும் சொல்லித்தான் கட்டினன். உங்களுக்கு இருந்தது அந்த ஒரு நிம்மதிதானே. அதையும் ஏன் பறிப்பான் எண்டு விட்டுட்டன்.”

கேதீஸ்வரிக்கு முதலில் ஏசத்தான் வாய் வந்தது. பிறகு, ‘உனக்கு வராது புள்ள’ என்று தான் சொன்ன ஒவ்வொரு தடவையும் இவள் ‘ஓம்மா’ என்று தலையாட்டியது ஞாபகம் வந்தது. மீன் கையோடு மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

“இந்த ஏழு வருசமும் தனியாவா புள்ள பயந்திட்டு இருந்தாய்?”