நடுவில் நின்று கூவியவன்

உங்கள் பூகோளப் புத்தகத்தில் மழைக்காடு என்று போட்டு ஒரு படம் இருக்கிறது. மரம், செடி, தரை எல்லாவற்றையும் ஒரே பச்சையில் அச்சடித்திருக்கிறார்கள். போன வாரம் அதைக் காட்டி, "இப்படித்தான் இருக்குமாப்பா?" என்று கேட்டீர்கள். ரேஷன் கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படி இருக்காது. நானும் உங்கள் அம்மாவும் ஒரு நாள் முழுக்க அதற்குள் நடந்திருக்கிறோம். வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பீர்கள், எனக்குச் சரியாகக் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நீலசந்திராவில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. ஃபாக்டரியில் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் என் பொறுப்பில் இருந்தது. அந்த மெஷினுக்கு நான்கு பேர் வேண்டும். முன்னால் இருவர், பின்னால் இருவர். தகட்டை அச்சின் மேல் வைத்து, கையை வெளியே எடுத்ததும், ஒவ்வொருவரும் "ஆச்சு!" என்று கத்துவார்கள். நான்கு ஆச்சும் காதில் விழுந்த பிறகுதான் நான் கைப்பிடியை இழுக்க வேண்டும். முன்னால் நிற்பவர்கள் கையை எடுப்பது கண்ணுக்குத் தெரியும். பின்னால் நிற்பவர்களை மெஷினின் உடம்பு மறைத்துவிடும். அவர்கள் கை எங்கே இருக்கிறது என்பது என் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் கூரையில் கத்தும் குருவி போயிற்று. பிறகு பக்கத்து அறைக் குழந்தையின் அழுகை. அப்புறம், முதுகுக்குப் பின்னால் யார் பேசினாலும் அது தண்ணீருக்கு அடியில் பேசுவது போல ஆயிற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவனிடம் கைப்பிடியைத் தரமாட்டார்கள். எட்டு வருஷம் பின்னால் நின்று கத்தி, அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த இடம் அது. அதனால் முன்னால் இருவரும் வாயசைத்ததும் ஒரு மூச்சு விட்டு, பின்னாலும் சொல்லியிருப்பார்கள் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். இதைப் படிக்க உங்களுக்கு நன்றாக இருக்காது. எழுத எனக்கும் நன்றாக இல்லை.

அந்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில், எங்கள் பிரஸ் ஷாப் ஆட்கள் சேர்ந்து ஒரு பஸ் பேசினார்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கிளம்பி, சக்லேஷ்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்து, ஞாயிறு காலை மலைக்காட்டுக்குள் நடந்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. பெண்களும் சேர்த்து இருபத்திரண்டு பேர். உங்கள் அம்மா சித்ரான்னம் கட்டிக்கொண்டாள். காட்டுக்குப் போகிறோம் என்று கல்யாணத்துக்கு எடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டாள். எனக்கு அதைச் சொல்லித் தடுக்கத் தோன்றவில்லை.

காட்டு ஓரத்தில் வனக்காவலர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். மெலிந்த ஆள், வெறுங்கால். கையில் ஒரு கம்பு, கம்பின் முனையில் உப்பு மூட்டை. அட்டை ஏறினால் அதை வைத்து ஒரு தொடு தொட்டால் விழுந்துவிடும் என்றார். காப்பித் தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழைக் கன்னடத்தோடு பிசைந்து பேசினார்.

"ஒருத்தர் பின்னால ஒருத்தர் பர்பேக்கு, வரணும். பனி பந்த்ரே, வந்துட்டா, முன்னால போற ஆளே தெரியாது. நான் 'கூ' அந்த்தா கத்துவேன். கடைசி ஆளு 'கூ' சொல்லணும். அவன் சத்தம் எனக்கு வராது, மரம் குடிச்சிடும். அதுக்கு நடுவுல ஒரு ஆளு பேக்கு, வேணும். கடைசி ஆளு கூவினது கேட்டா மட்டும் அவன் எனக்குக் கூவணும். கேக்கலன்னா கம்முனு இருக்கணும். நான் திரும்பி வந்துடுவேன்."

கோலார் தங்கவயலிலிருந்து வந்து எங்கள் பிரஸ்ஸில் பின்பக்கம் இடது மூலையில் நிற்கும் ஒரு பையன் எங்களோடு வந்திருந்தான். பையன் என்றால் இருபத்தைந்து வயது. என்னை மேஸ்திரி என்பான், உங்கள் அம்மாவை அண்ணி என்பான். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"எங்க மேஸ்திரிய நிறுத்துங்க சாமி. அவரு கத்துனா கேட்டுல தூங்கற வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடிப்பான்."

"கத்தறது அப்பறம். கேக்குமா அவருக்கு?"

"என்னா இப்டி கேட்டுட்டீங்க? எங்க கை நாலும் அவரு காதுலதான சாமி இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் என்னையே பார்த்தான். என்னால் முடியாது என்று சொல்ல அது நல்ல சமயம். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றேன். அவன் கடைசி ஆளாகப் போனான்.

உள்ளே பத்து அடி வைத்ததும் வெளிச்சம் மாறிவிட்டது. வெயில் மேலேயே எங்கோ தங்கிவிட்டது. கீழே வந்தது வெயிலைக் கழுவிவிட்டு மிச்சமான ஒன்று. என் கைகளைப் பார்த்தேன், அவையும் லேசாகப் பச்சையாக இருந்தன. மரங்களின் வேர்கள் தரைக்கு மேலே சுவர் போல எழுந்து நின்றன. ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் நடுவில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுக்கலாம். பாசி இல்லாத கல்லே இல்லை. விழுந்து கிடந்த மரத்தின் மேல் இன்னொரு மரம் முளைத்து, அதன் மேல் கொடி ஏறி, அந்தக் கொடியின் மேல் பெரணி முளைத்து, எது யாருடைய உடம்பு என்று தெரியாமல் இருந்தது. தரை மெத்தை போல அமுங்கியது. ஈர வெல்லமும் பழைய கிணறும் கலந்த ஒரு வாசனை.

சத்தம் மட்டும் இல்லை. எனக்கு இல்லை. காவலர் ஓரிடத்தில் நின்று விரலைத் தூக்கினார். முன்னால் இருந்தவர்கள் முகமெல்லாம் மேலே திரும்பியது. "குருவி கத்தறது பள்ளிக்கூடத்துப் பையன் விசில் அடிக்கிற மாதிரியே இருக்குதே!" என்று எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிச் சொன்னதை அவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானும் முகத்தை மேலே தூக்கினேன். சிரித்தேன் கூட. இலைகளின் ஓட்டை வழியாகப் பனி இறங்கி வந்துகொண்டிருந்தது.

எனக்குத் துக்கமாக இல்லை. அதைத்தான் உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஃபாக்டரியில் என் காதுக்குள் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். காட்டுக்குள் அதுவும் அடங்கிவிட்டது. தூக்கத்தில் நடப்பவன் போலப் போனேன். சொட்டுச் சொட்டாக நீர் இலையிலிருந்து இலைக்கு இறங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் இலை ஒரு தடவை தலையாட்டியது. விரல் நீள மரவட்டை ஒன்று, அவசரமே இல்லாமல், என் செருப்புக்குப் பக்கத்தில் தன் கால்களை அலை அலையாக எடுத்து வைத்தது. காய்ந்த சுள்ளியில் தீப்பொறி அளவுக்குச் சிவப்புக் காளான்கள். பனி கூடக்கூட முன்னால் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். என் உடம்புக்கு எடையே இல்லாதது போல இருந்தது. இப்படியே நடந்து போய் மரமாகிவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

காவலர் நிற்பார், கையை வாயில் குவிப்பார். அவருடைய 'கூ' லேசாக எனக்கு எட்டும். எட்டாவிட்டாலும் வரிசை நிற்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். பின்னாலிருந்து பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. ஒரு மூச்சு விட்டு நான் "கூ!" என்று காடே அதிரக் கத்துவேன். வரிசை நகரும். மூன்று தடவை அப்படி. நான்காவது தடவையும் அப்படியே. கைக்குப் பழகிய வேலை வாய்க்கும் பழகிவிட்டது.

ஓர் ஓடை வந்தது. பாறையில் ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கடத்திவிட்ட காவலர், கடைசியில் கையை நீட்டிக்கொண்டே நின்றார். பிடிக்க ஆள் இல்லை. இருபது பேர்தான் இருந்தோம். அந்தப் பையன் இல்லை. உங்கள் அம்மா இல்லை. அவள் எனக்குப் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தாள். பாசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பின்தங்கியிருக்கிறாள். அவளைத் தாண்டி வந்தவர்களும் என் கூவலை நம்பித் திரும்பிப் பார்க்கவில்லை.

காவலர் என் முகத்துக்கு நேராக வந்தார். "நீ கூவினியல்லா?"

நான் தலையை ஆட்டினேன்.

"கேட்டுத்தானே கூவினே?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. மற்றவர்களை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்று திரும்பி நடந்தார். வந்த வழி அதே வழிதான், ஆனால் எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. சற்று முன் அழகாக இருந்த பனி இப்போது கண்ணைக் கட்டிய துணி. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் வந்தாலும் எனக்குத் தெரியாது என்று கத்தின பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு கத்தாமல் காவலரின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் போனேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவர் முகம் தளர்ந்தது. அதைப் பார்த்துத்தான் அவர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு பெரிய வேர்ச் சுவர்களுக்கு நடுவில் உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள். கால் வேர்ப் பொந்துக்குள் மாட்டி, செருப்பு அறுந்து, கணுக்கால் வீங்கியிருந்தது. பையன் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் காலிலும் அட்டை. காவலர் உட்கார்ந்து உப்பு மூட்டையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார்.

உங்கள் அம்மா அழவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னதால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"உங்க முதுகு எனக்குத் தெரிஞ்சுதுங்க. பனியில வெள்ளைச் சட்டை. இதோ, அந்த மரத்தாண்டதான் இருந்தீங்க. கூப்ட்டேன். தம்பியும் கூப்ட்டான். நீங்க 'கூ'ன்னு கத்திட்டுப் போயிட்டே இருந்தீங்க."

"எனக்குக் கேக்கல" என்றேன். "இப்ப மட்டும் இல்ல. ஒரு வருஷமா சரியா கேக்கல."

அவள் அறுந்த செருப்பை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "நான் என்னமோ, என் மேல கோவம்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

பையன் முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தான். என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பத்து விரலும் இருந்தன.

"மேஸ்திரி, ரெண்டு வாட்டி கைய நானே இழுத்துக்கினேன். நான் ஆச்சுன்னே சொல்லல, பிரஸ் எறங்கிடுச்சி. அதுலேர்ந்து எனக்கு சந்தேகம். அதான் காலையில வேணும்னே உங்கள மாட்டி உட்டேன். முடியாதுன்னு உங்க வாயாலயே சொல்லுவீங்கன்னு பாத்தேன். சட்டைய மடிச்சிக்கினு போறீங்களே!"

"ஃபோர்மேன்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"நான் போயி சொன்னா, உங்க எடத்துக்கு ஆசைப்பட்டு சொன்னேன்னுவாங்க. நீங்களும் அதான் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். அது உண்மைதான்.

திரும்பும்போது என்னைக் கடைசி ஆளாகப் போட்டார் காவலர். கடைசி ஆள் கூவினால் போதும். பையன் நடுவில் போனான். உங்கள் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். நடக்கும்போதே நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள், ஒவ்வொரு தடவையும் நின்று, முகத்தை என் பக்கம் திருப்பி. இப்போது ஒரு பறவை, மரப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி. இப்போது தூரத்தில் தண்ணீர். இப்போது பூச்சிகள் எல்லாம் ஒன்றாக, தையல் மெஷின் மாதிரி. இப்போது எல்லாம் நின்றுவிட்டன, ஏன் என்று தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு அந்த மரங்களைப் பார்த்தால், சத்தம் அங்கே புகை மாதிரி நிற்பது போல இருந்தது. உங்கள் புத்தகத்துப் படத்தில் இல்லாதது இதுதான். பனியில் அவள் முடியெல்லாம் பொடிப்பொடியாக நீர்முத்து. எவ்வளவு தூரம் அப்படி நடந்தோம் என்று நினைவில்லை. காடு முடிந்து ரோடு வந்தபோது வெயிலில் கண் கூசியது. எங்களுக்குக் கோபம் வந்தது போல இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை சைரனுக்கு முன்பே போய் ஃபோர்மேன் மேஜை முன்னால் நின்றேன். முழுதும் சொன்னேன், பையன் கை விஷயத்தையும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார். காது கேட்காதவனிடம் எழுதித்தான் பேச வேண்டும் என்று நினைத்துவிட்டார் போல. 'நீ பின்பக்கம் இடது. அவன் கைப்பிடி' என்று எழுதியிருந்தது.

மேஸ்திரி கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, எட்டு வருஷம் நின்ற அந்த மூலையில் மறுபடி போய் நின்றேன். மெஷினின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் பையன் கைப்பிடியில் இருந்தான். அவன் முகம் தெரியவில்லை. தகட்டை வைத்தேன். விரல்களை வெளியே எடுத்தேன். "ஆச்சு!" என்று கத்தினேன். பிரஸ் இறங்கவில்லை. வலது மூலை ஆள் ஆணியில் மாட்டிக்கொண்ட சட்டையை விடுவித்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் சொல்லவில்லை. அவன் சொல்லும்வரை பையன் காத்திருந்தான். நான் கையை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றேன். அவன் வாயசைத்த பிறகுதான் பிரஸ் இறங்கியது.