கனகா அம்மாளின் முதல் போணி

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் என் வண்டிக் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தபோது பூக்காரி வந்து சொன்னாள்: "அண்ணே, உறையூர் இட்லிக்கடைக் கனகா போயிருச்சு. காய்ச்சலாம்." குதிரை தின்று முடித்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும், கனகா ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவள். உடம்பும் மனசோடு ஒத்துப்போக ஸ்ரீரங்கத்து டாக்டர் ஒருவர் ஊசி எழுதிக்கொடுத்தார். என் வண்டியில்தான் வந்து போவாள். இட்லி விற்ற காசில் பாதி அந்த மருந்துக்கே போகும். "கண்ணாடியில இப்பத்தான் நான் தெரியிறேன்ணே" என்பாள்.

அங்கே மருந்து கொடுத்த கம்பவுண்டரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். என் பென்சில் அவனுக்காகத் தேயாது. எல்லோர் முன்னும் சிரித்தபடி சொல்வான்: "ஆம்பிளைப் பேர்ல வாங்கினா அஞ்சு ரூபா. கனகான்னு கூப்பிடணும்னா எட்டு."

அவள் எட்டே கொடுப்பாள். "ஊசி உடம்புக்குண்ணே, பேரு உசுருக்கு" என்பாள். நான் வாசலில் சாட்டையைப் பிடித்தபடி பல்லைக் கடிப்பேன்.

பிறகு அவன் மாமனார் பணத்தில் சொந்தமாக மருந்துக்கடை வைத்தான். கனகாவின் கைராசி ஊரறிந்தது. அவள் போணி செய்த கடை நொடித்ததில்லை என்பார்கள். மாமனார் அவளைத்தான் அழைத்துவரச் சொல்லிவிட்டார். மருமகனே உறையூருக்கு நடந்து வந்து கூப்பிட்டான்!

மஞ்சள் புடவையில் போய் இறங்கினாள். கூட்டத்தின் நடுவே மேசைமேல் ஒரு ரூபாயை வைத்தாள். "என் ஊசி மருந்து குடுங்க."

"எட்டு" என்று முணுமுணுத்தான்.

"முதல் போணியைத் திருப்பி அனுப்பினா கடை விளங்காதுங்க. போயிட்டு வரட்டுமா?"

மாமனார் பதறினார். "குடுத்துத் தொலைங்க மாப்பிள்ளை!"

"பேரைச் சொல்லிக் குடுங்க."

"கனகா..."

"காது கேக்கலீங்க."

"கனகா அம்மா, இந்தாங்க!"

திரும்பும் வழியெல்லாம் சிரித்துச் சிரித்து இருவருக்கும் விக்கல். அதன்பின் ஊசி வாங்கும் நாளெல்லாம் கடை திறக்குமுன் முதல் ஆளாக நின்றாள். அவன் சீக்கிரம் திறந்து பார்த்தான். அதற்கும் முன்னால் நின்றாள். கல்லாவில் மாமனார் இருந்தார். ஒரே ரூபாய்தான், "கனகா அம்மா"வும் சேர்த்து.

இன்று அவன் நிம்மதியாக இருப்பான். இருக்கட்டும். அவள் எனக்கு விட்டுப்போனது அந்த முதல் ஆளின் இடம். நாளைக் காலை அங்கே நான் நிற்பேன். ஒரு ரூபாயை வைத்துத் தலைவலி மாத்திரை கேட்பேன். ரசீதில் கனகா அம்மாள் என்று எழுதச் சொல்வேன். ஓர் எழுத்து குறைந்தாலும் வாங்கமாட்டேன்.

எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.