ஏறி வருகிற அரக்கனுக்கு வழி விடவும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, குன்னூரில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில், ஓர் அரக்கன் என்னை அடித்துக் கொன்றுவிட்டான். கொன்றதுகூடப் பரவாயில்லை. எந்தச் சட்டப்படி கொன்றானோ, அந்தச் சட்டத்தை எழுதி வைக்கச் சொன்னவனே நான்தான்!

பதறாதீர்கள். அடியேன் உயிரோடுதான் இருக்கிறேன். செத்தது வீரமல்லன். இரண்டு வருடமாக நான் பாலூட்டிச் சீராட்டி வளர்த்த என் கற்பனைப் போர்வீரன்.

இது ஒரு விளையாட்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் நடுவர். கதை சொல்வது, அரக்கர்களை ஏவி விடுவது, தீர்ப்பு சொல்வது எல்லாம் அவர் பாடு. சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். யார் முதலில் அடிப்பது, அடி எத்தனை புள்ளி, விழுந்தவன் எப்போது சாவான்... எல்லாவற்றுக்கும் முந்நூறு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் உண்டு. செல்போனில் எது கேட்டாலும் படிக்காமலே ‘சம்மதம்’ என்று தட்டுகிற ஆசாமி நான். இந்தப் புத்தகத்தை மட்டும் மூன்று தடவை படித்திருக்கிறேன். என் மனைவிக்கு இதில் ரொம்பப் பெருமை என்று சொல்ல ஆசைதான்.

எங்கள் நடுவர் பழனிசாமி. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவர். அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தினம் நாலு தடவை பார்க்கிற மனிதருக்கு எந்த அரக்கனும் பெரிய விஷயமில்லை. மந்திரவாதி வேஷம் கட்டுவது சிவகுமார். கடை அவருடையது. விற்காத நாற்பது பக்க நோட்டுகளை அடுக்கித்தான் எங்கள் மலை. மந்திரத்தைவிட வர்க்கி பிஸ்கட் தின்பதில்தான் அவருக்குக் கவனம் அதிகம்.

நாலாவது ஆள் ஜோதிமணி. ஜெகதளா பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரமெல்லாம் ஊசி போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வந்து செம்பா என்கிற மருத்துவச்சியாகவே உட்காருவார். “கத்தியைத் தூக்குங்களேன், ஒரு மாறுதலாக இருக்கும்” என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “தையல் போடறது யாருங்க அப்புறம்?” என்பார்.

அவர் கணவருக்குத் திருப்பூருக்கு மாற்றல். புதன்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். ஆக, போன ஞாயிறுதான் செம்பாவுக்குக் கடைசி ஆட்டம். மலை உச்சியில் கிடைத்த ஒரே ஒரு மூலிகையை அடிவாரத்துக் காய்ச்சல்கார ஊரில் கொண்டு சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் ஜெயித்தோம். “செம்பாவை உசுரோட ஊடு சேத்திட்டு நான் பஸ் ஏறணுங்க. அவ்வளவுதான்” என்று ஜோதிமணி வந்ததுமே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை.

இங்கே எட்டு மாதத்துக்கு முந்தைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நாங்கள் மலை ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே கொள்ளைக்காரன் இறங்கி வந்தான். யார் முதலில் அடிப்பது? பகடை உருட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே எண். இப்படிச் சமமாக விழுந்தால் ‘நடுவர் தீர்மானிப்பார்’ என்று புத்தகம் கழன்றுகொள்கிறது. பழனிசாமி யோசிக்கவே இல்லை.

“இதுல என்னங்க இருக்குது? மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தானுங்க முதல் வழி. எறங்கறவன் ஒதுங்கிக்கோணும்.”

ஏறிக்கொண்டிருந்தது நானல்லவா? துள்ளிக் குதித்தேன். இதுவல்லவோ நீதி! கொள்ளைக்காரனை ஒரே வெட்டு. அத்தோடு விட்டேனா? “தீர்ப்பை எழுதி வையுங்கள்” என்றேன். “ஏறி வருபவர் மனிதராயினும், மிருகமாயினும், அரக்கராயினும்” என்று வாசகமும் நானே சொன்னேன். அரக்கரைச் சேர்த்தது ஓசை நயத்துக்காக. பழனிசாமி தன் நோட்டில் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்தும் போட்டேன்.

இப்போது போன ஞாயிறுக்கு வருவோம். நாங்கள் இறங்குகிறோம். அரக்கன் ஏறி வருகிறான். மேஜையில் அவன் ஒரு நீலகிரித் தைலப் பாட்டில். ஒற்றையடிப் பாதை. முன்னால் செம்பா, பின்னால் என் வீரமல்லன், கடைசியில் மந்திரவாதி. செம்பாவுக்கு மீதி உயிர் நாலு புள்ளி. அரக்கனின் தடி குறைந்தபட்சம் ஐந்து எடுக்கும். செம்பா முந்தினால் மயக்கப் பொடி தூவி அவனைச் சாய்த்துவிடலாம். அவன் முந்தினால் செம்பா காலி.

ஜோதிமணி உருட்டினார். பதினொன்று. பழனிசாமி அரக்கனுக்கு உருட்டினார்.

பதினொன்று!

அவர் பைக்குள் கைவிட்டு அந்த நோட்டை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் வாதாடிய வாதத்தைக் கோர்ட்டில் வாதாடியிருந்தால் இந்நேரம் ஊட்டியில் பங்களா கட்டியிருப்பேன். அரக்கன் வண்டி அல்ல என்றேன். “நீங்க மட்டும் வண்டிங்களா சார் அன்னைக்கு?” என்றார். பழைய தீர்ப்பு நடுவரைக் கட்டுப்படுத்தாது என்று பக்கம் நூற்றுப் பதினாலைக் காட்டினேன். “என்னையக் கட்டுப்படுத்தாதுங்க. கையெழுத்துப் போட்ட உங்களையக் கட்டுப்படுத்துமில்லீங்க?” என்றார். மருந்து கொண்டு போகிற செம்பா ஆம்புலன்ஸ் மாதிரி, ஆம்புலன்ஸுக்கு எல்லாரும் வழி விட வேண்டும் என்றேன். இதற்குக் கொஞ்சம் அசைந்தார்.

“சைரன் போட்டாங்களா?”

சைரன் போடவில்லை. மேஜையைத் தட்டினேன். “எவன் ஏறி வந்தாலும் சரி, இறங்குகிறவன் வழி விட வேண்டிய அவசியமே இல்லை! ஒரு அடி நகர மாட்டோம்!” என்று கத்தினேன். தைலப் பாட்டில் ஆடியது. சிவகுமார் வர்க்கித் தூளைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜோதிமணி பழனிசாமியிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்கண்ணா, வழி விடறதுன்னா என்னங்க? ஒதுங்கி நிக்கறதுதானுங்களே?”

“ஆமாங்க.”

“அப்ப செம்பா பாறையோரமா ஒதுங்கி நின்னுக்கறா. மொதல்ல அவனே போகட்டும். ஒதுங்கி நிக்கற வண்டியை இடிக்கலாமுங்களா?”

பழனிசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “அதெப்படிங்க இடிக்கறது? இடிச்சா கேஸு ஏறி வர்றவன் மேலதான்!” என்று தீர்ப்பளித்துவிட்டார். ஒரு மணி நேரம் நான் தொண்டை கிழியக் கத்தி ஆகாத காரியம், ஒரே கேள்வியில் முடிந்தது. செம்பா பிழைத்தாள்! நான்தான் எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினேன்.

தட்டிய கை நடுவிலேயே நின்றது. தைலப் பாட்டில் செம்பாவைத் தாண்டி மேலே நகர்ந்தது. செம்பாவுக்குப் பின்னால் யார்? இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு, ஒரு நர்சம்மாவுக்குப் பின்னால் ஒளிந்து வந்துகொண்டிருந்த மாவீரன் யார்?

“நானும் ஒதுங்கிக்கொள்கிறேன்” என்றேன்.

“அதெப்படிங்க சார்? ஒரு அடி நகர மாட்டேன்னு இப்பத்தானே மேஜையைத் தட்டினீங்க?”

தடி இறங்கியது. எட்டு புள்ளி. எனக்கு இருந்ததோ ஆறு. வீரமல்லன் குப்புற விழுந்தான். அடுத்த முறை ஜோதிமணியுடையது. பின்னாலிருந்து மயக்கப் பொடி தூவினார், அரக்கன் சாய்ந்தான். விழுந்தவனுக்கு உடனே மருந்து போட்டால் பிழைப்பான் என்கிறது புத்தகம். மருந்து என்றால் அந்த ஒரே மூலிகைதான்.

ஜோதிமணி என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற குரல் வந்தது.

“சார்... உங்களுக்குப் போடட்டுங்களா, ஊருக்குக் கொண்டு போகட்டுங்களா?”

நிஜமாகச் சொல்கிறேன், விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏதாவது ஒரு வரி, ஒரு அடிக்குறிப்பு... ஒன்றும் இல்லை. முந்நூறு பக்கம் எழுதியவர்கள் இதை மட்டும் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

“ஊருக்கு” என்றேன். சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். கற்பனை ஊர்தான், கற்பனைக் காய்ச்சல்தான். ஆனால் புதன்கிழமை பஸ் ஏறப் போகிற பெண் கற்பனை இல்லையே?

செம்பா ஊர் போய்ச் சேர்ந்தாள். ஜோதிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, செம்பாவாக இருந்த சதுரங்கக் காயைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். செட்டு கெட்டுவிடுமே என்று சிவகுமார்கூடக் கேட்கவில்லை. பழனிசாமி மட்டும் அந்த நோட்டை எடுத்து, ‘ஒதுங்கி நிற்பவரை இடிக்கக் கூடாது’ என்று இரண்டாவது வரியைச் சேர்த்து என்னிடம் பேனாவை நீட்டினார். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, குறுகலான இறக்கத்தில் எதிரே தேயிலை மூட்டை ஏற்றிய லாரி முக்கி முனகி ஏறி வந்தது. மறுபேச்சில்லாமல் ஓரங்கட்டி நின்றேன். தாண்டும்போது டிரைவர் ஜன்னல் வழியே கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அரக்கன் அதுகூடச் செய்யவில்லை!