சக்கரம் நிற்காத ஆயுத பூஜை

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இட்லி மாவுக் கடை. உளுந்து பாதி அரைபடும்போது கரண்ட் போனால் அந்த மாவு தேறாது. இட்லி கல் மாதிரி வரும். வாங்கிப் போனவர்கள் மறுநாள் இட்லியைக் கையிலேயே எடுத்துவந்து, கல்லாவில் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. பம்மலில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கிறான். "பேட்டரி வேணாம் மாமா, மூணு வருஷத்துல மண்டையப் போட்டுடும்" என்றான். பழைய இரும்புக் கடையில் பவர் பிரஸ் மெஷினின் சக்கரம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். அரை டன் கனம். ஒன்றரை வருஷம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கடைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, பாதி உள்ளே பாதி வெளியே சக்கரத்தை நிமிர்த்தி, சுற்றிக் கம்பிக் கூண்டும் போட்டான். மாடியிலுள்ள சோலார் தகடு வெயிலில் சக்கரத்தைச் சுற்றிவிடும். கரண்ட் போனால், சுற்றுகிற சக்கரம் திருப்பிக் கரண்ட் கொடுக்கும். கிரைண்டரில் ஒரு ஈடு அரைத்து முடிக்கலாம். நான் எட்டாவது வரைதான் படித்தவன். வெயிலைச் சுற்றவிட்டுச் சேர்த்துவைக்கிறான் என்ற அளவில் புரிந்துகொண்டேன். கடவுள் புண்ணியத்தில் அதற்கப்புறம் யாரும் இட்லியைத் தட்டிக் காட்டவில்லை.

சக்கரத்துக்கு முதல் ஆயுத பூஜை வந்தது. விடியற்காலையில் குளித்துவிட்டு, கிரைண்டர், மிக்ஸி, தராசு, டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி என்று வீட்டிலும் கடையிலும் இருந்த எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சோலார் சுவிட்ச் பெட்டிக்கும் வைத்தேன். பொட்டு வைத்த பொருளை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அது கண்டிப்பு.

மதியம் இரண்டு மணி இருக்கும். சக்கரத்துக்கு மாலை எடுத்துக்கொண்டு பின்னால் போன என் மனைவி கத்தினாள்.

"இன்னாங்க, இது சுத்திக்கினே கீது!"

கடை லீவு. எடுத்துச் செலவழிக்க ஆளில்லாமல் காலை வெயில் முழுவதும் சக்கரத்தில் ஏறிவிட்டது. நான் சுவிட்சை அணைக்காமலே பொட்டு வைத்திருக்கிறேன்.

விருந்துக்கு வந்திருந்த மச்சானைப் பிடித்தோம். "டேய், நிறுத்துடா இத" என்றாள் என் மனைவி.

"நிக்காம இருக்கத்தானேக்கா செஞ்சேன்?"

"பிரேக்கு?"

"வைக்கல."

நல்ல நேரம் நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை. பிள்ளையார் கோயில் ஐயருக்குப் போன் போட்டேன். ஏதோ ஆட்டோ ஸ்டாண்டு பூஜையில் இருந்தார், பின்னால் மேளச் சத்தம். "சுத்திண்டிருக்கறதுக்கு எப்படிய்யா பூஜை பண்றது? ஓய்வு குடுத்து உக்கார வெச்சுப் பண்ணணும்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஓடுகிறவனை நிறுத்தி மாலை போடுவோமே தவிர, கூடவே ஓடிக்கொண்டா போடுவோம்?

என் மனைவி தம்பியைப் பார்த்துச் சொன்னாள். "அரை டன் இரும்பு. தினமும் உங்க மாமா அதுகிட்டதான் நிக்கிறாரு. சாமி பார்வை படாம அது என் வூட்ல ஓடாது. பூஜை நடக்கலைன்னா நாளைக்குக் காலைல இரும்புக் கடைக்கே போகட்டும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மச்சான் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மரக்கட்டையைச் சக்கரத்தில் அழுத்திப் பார்த்தான். புகை வந்தது, கட்டைதான் தேய்ந்தது. பிறகு, "கரண்ட்ட உறிஞ்சி எடுத்துட்டா நின்னுடும் மாமா" என்றான்.

எதை வைத்து உறிஞ்சுவது? கிரைண்டருக்குப் பொட்டு. மிக்ஸிக்குப் பொட்டு. ஃபேனுக்குப் பொட்டு. அவனுடைய செல்போன் சார்ஜருக்குக்கூட நான் பொட்டு வைத்திருந்தேன்.

எதிர் வீட்டு டெய்லரக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும்தான் பொட்டு கிடையாது. போய்க் கேட்டேன். பெட்டியோடு, ஃபால்ஸ் தைத்த பட்டுச்சேலை ஒரு மூட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு. உங்க சக்கரத்துக்கு அதுகூட ஆகாதா?" என்றபடி, சக்கரத்துக் கரண்ட் வருகிற பிளக்கில் பெட்டியைச் செருகித் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு சேலை, நாலு சேலை, ஏழு சேலை. சக்கரம் கொஞ்சமும் அசரவில்லை.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "இங்க நாம எடுக்க எடுக்க, மேல வெயிலு ரொப்பிக்கினே கீது மாமா."

சுவிட்சைத் தொட முடியாது. தகட்டை மூட வேண்டும். கைக்குக் கிடைத்தது அந்தச் சேலைகள்தான்.

"டேய், கஸ்டமர் சேலைடா! கசங்கிச்சுன்னா நீதான் தேச்சுக் குடுக்கணும்" என்று கீழேயிருந்து டெய்லரக்கா கத்தக் கத்த, நானும் மச்சானும் மொட்டை மாடியில் தகடுகளுக்குப் பட்டு போர்த்தி, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தினோம். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மா நின்று பார்த்தார்.

"இன்னாண்ணா, சோலாருக்கு வளகாப்பா?"

"ஆமாம்மா" என்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சக்கரம் தளர்ந்தது. ஐந்தேகாலுக்கு இஸ்திரிப் பெட்டி சூடேறவில்லை. வெயிலும் சாய்ந்துவிட்டது, இனி உறிஞ்ச ஒன்றுமில்லை என்று நானும் மச்சானும் சேலைகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தோம். ஆனால் சக்கரம் நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்தவன் உலாத்துவதுபோல மெல்ல, மெல்லச் சுற்றியது. கற்பூரத் தட்டோடு கூண்டைச் சுற்றி நின்றோம். ஐந்தரை. ஐந்து முப்பத்தைந்து. முருகா, என் பக்தியில் குறை இருந்தால் என்னோடு வைத்துக்கொள், இந்தப் பையனின் உழைப்பை இரும்புக் கடைக்கு அனுப்பாதே என்று வேண்டிக்கொண்டேன்.

என் மனைவி கூண்டின் கதவைத் திறந்தாள்.

"அக்கா, கைய விடாத!"

அவள் கேட்கவில்லை. தண்ணீரில் குழைத்த விபூதியை மூன்று விரலில் தொட்டு, சக்கரத்தின் விளிம்பில் வைத்தாள். விரல் அசையவில்லை, சக்கரம்தான் நகர்ந்தது. மூன்று வெள்ளைக் கோடு நீண்டுகொண்டே போய், பள்ளத்துக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி வந்து அவள் விரலிலேயே சேர்ந்தது. இரண்டாவது சுற்று பாதிதான் வந்தது. அங்கேயே சக்கரம் நின்றது.

"தானே பட்டை போட்டுக்கிச்சு" என்றாள் என் மனைவி.

ஐந்து நாற்பது. மாலை சாற்றி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். டெய்லரக்காவும் ஓரமாக நின்று தலை குனிந்துகொண்டார். என் மனைவி தட்டைத் தம்பியிடம் நீட்டினாள்.

"ஒத்திக்கோ. நாளைக்கு இதுலதான் மாவு அரைக்கணும். மொதல்ல ஒரு பிரேக் வைடா."

அவன் கற்பூரத்தை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டான். அந்தக் கையை எடுக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது.