காய்கறிப் பெட்டியில் குளிர்காலம்

பல் துலக்கும் முன்பே ஃபிரிட்ஜைத் திறந்து, காய்கறிப் பெட்டியை இழுத்து, மரத்தூளுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார் காளிராஜ். ஈரம் கூடிவிட்டதா, குளிர் குறைந்துவிட்டதா என்று அந்த விரல்தான் சொல்ல வேண்டும். உள்ளே தூங்குவது ஒரு வேர்க்கட்டை. அதற்காகக் கொத்தமல்லி வெளியே வாடிக் கிடக்கும். மேல் தட்டு மட்டும் மனைவி சொர்ணம்மாளின் மாவுச் சட்டிக்கு. அதில் கைவைக்க இவருக்குத் தைரியம் கிடையாது.

குர்லாவில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை, செம்பூரில் வீடு. வாடிக்கையாளர் ஒருவர் குப்பைக்கு ஒதுக்கிய தொட்டிச் செடியைக் கேட்டு வாங்கி வந்தார். ஹோஸ்டா என்று பெயர். நிழலில் முறம் அளவுக்கு இலை விரிக்கும் குளிர்நாட்டுச் செடி. இவர் வீட்டுப் பின்புறப் பலாமரத்தடியில் துணிகூடக் காயாது, நிழலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மும்பையில் குளிருக்கு எங்கே போவது?

"குளிர்ல தூங்காத செடி எப்படிவே முழிக்கும்? ஊர்க்காரன் தண்ணியெல்லாம் ஜில்லுனு தண்டாவாக்கிக் குடுக்கேன், இதுக்குக் குடுக்க மாட்டனா?" என்றார் நண்பனான என்னிடம்.

போன வருடக் கடைசியில் மூன்று துண்டு வேர் வைத்திருந்தார். ஒன்று ஈரத்தில் அழுகியது. இன்னொன்றை மாங்காய் இஞ்சி என்று நினைத்து நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து தயிர்ச் சோற்றுக்கு வைத்துவிட்டார் சொர்ணம்மாள்.

"நல்லாத்தான் தின்னாவ. மறுநா பெட்டியத் தொறந்துட்டு தலையில கைய வச்சு உக்காந்துட்டாவ" என்று சிரிப்பார். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு போய்விடும். பாவம், அவருக்கு அது இன்னும் உறுத்துகிறது.

மிஞ்சியது ஒன்றுதான். இதுவும் போனால் வேறு கிடையாது. மாசிக் கடைசியில் எடுத்துப் பலாமரத்தடியில் நட்டார். மண் சும்மாவே கிடந்தது. நான் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டேன். ஒருநாள் காலையில் போன்: "மூக்க நீட்டிட்டுவே!"

போய்ப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு முளை. இப்போது உள்ளங்கை அகலத்துக்கு இலை விரித்து நிற்கிறது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. முறம் அளவு வர இன்னும் சில வருடம் ஆகுமாம். வருடா வருடம் தூங்க வைக்க வேண்டுமாம்.

"அடுத்த குளிருக்கு ரெண்டால்லா வைக்கணும். அந்தப் பெட்டியில எடம் காணாதே" என்றார், மனைவி பக்கம் திரும்பாமல்.

சொர்ணம்மாள் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். மேல் தட்டிலிருந்த மாவுச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தைச் சாண் போட்டு அளந்தார்.