ஜீவராணியின் டீசல் ஆட்டோ

அக்கரப்பத்தனையில் ஜீவராணியைத் தெரியாதவர்களுக்கும் அவளுடைய ஆட்டோவைத் தெரியும். ஸ்டாண்டில் இருந்த ஒரே டீசல் வண்டி அதுதான். அதன் சத்தம் கேட்டதும், மற்ற டிரைவர்கள் "மாவு மில்லு வருதுடோய்!" என்று கத்துவார்கள். ஜீவராணி விடமாட்டாள். "மில்லுன்னா அரைக்கும்டா. ஒங்க வண்டிங்க மாதிரி குடிச்சிட்டுப் படுத்துக்காது" என்பாள். வாய்க்கொழுப்பு என்றார்கள். இருக்கட்டுமே, உண்மையைச் சொல்லவும் வாய் வேண்டாமா?

பேக்கரி முனாப் முதலாளி, காலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பாண் கொண்டுபோய் விற்கும் வேலைக்கு ஆள் தேடினார். ஸ்டாண்டில் உள்ள திலக்ஷனும் கேட்டான், இவளும் கேட்டாள். நிரந்தர வேலை என்பதால் இவளுக்கு அது உயிர். முதலாளியின் மனமோ திலக்ஷனின் பளபளப்பான பெற்றோல் ஆட்டோ மேல் இருந்தது.

"ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவு எண்ணெய் ஊத்துங்க மொதலாளி. பாணோட யாரு கடைசி லயம் வரைக்கும் போய்ட்டு வர்றாங்கன்னு பாருங்க" என்றாள் ஜீவராணி.

ஒரே போத்தலால் அளந்து ஊற்றினார்கள். திலக்ஷன் மலைநாட்டு டிரைவர்களின் பழைய தந்திரத்தை எடுத்தான்: இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருட்டினான். பெரிய சிக்கனம் என்று நினைப்பு! பிரேக்கை நம்பி உயிரை விடுகிற வேலை அது. ஜீவராணி கியரிலேயே இறங்கினாள். ஒவ்வொரு லயத்திலும் பாண் வாங்க ஆட்கள் வரும்வரை எஞ்சினை அணைக்கவுமில்லை. சும்மா நிற்கும்போது டீசல் எஞ்சின் குடிப்பது சொற்பம். ஓடும்போதும் அதே எண்ணெயில் பெற்றோலைவிடக் கூடத் தூரம் போகும்.

மிச்சம் பிடித்ததையெல்லாம் திலக்ஷன் ஏற்றத்தில் விட்டான். பாரத்தோடு உறுமி உறுமி ஏறிய வண்டி, கடைசி லயத்துக்குக் கீழே இருமிவிட்டு நின்றது. ஜீவராணி அவனுடைய பாணையும் தன் வண்டியில் ஏற்றி, மேலே போய் விற்றுவிட்டுத் திரும்பினாள்.

முனாப் குச்சியை விட்டு டேங்கைப் பார்த்தார். டீசல் மிச்சம் இருந்தது. "வண்டி கெட்டிதான் தங்கச்சி. ஆனா விடியாத நேரத்துல பொம்பள தனியா போறதா? வண்டிய திலக்ஷன் ஓட்டட்டும், நீங்க வாடக வாங்கிக்கங்க."

ஜீவராணி சாவியை உருவி இடுப்பில் செருகினாள்.

"இத்தன வருசம் இருட்டுலயே எந்திரிச்சு, பேரு குடுக்கத் தோட்டத்துப் பெரட்டுக்கு ஓடி, அட்டைக் கடியோட கொழுந்து பறிச்சேனே மொதலாளி, அப்ப நான் பொம்பளையா தெரியலயா? கையில சாவி வந்தப்புறம்தான் தெரியுதா?"

முனாப் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே பாண் பெட்டியைத் தூக்கி அவள் வண்டியில் வைத்தார்.