அண்ணனுக்குச் சாட்சி சொன்னவர்கள்

சென்ற வைகாசியில் எங்களை விட்டுப் பிரிந்த என் அண்ணன் அவர்களின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுமுறையாருக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதுகிறாள்.

அண்ணன் பிறந்தது நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுக் கரையில். எங்கள் அப்பா பண்ணையாரின் மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கரை, குத்தகைக்குப் பயிரிட்டவர். பண்ணையார் பங்கு போக எங்களுக்கு மிஞ்சும் நெல், பங்குனி வரை தாங்காது. அப்பா காலமான வருடம் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வேலைக்குப் போனார். கூலியாளாகப் போனவர் மேஸ்திரி ஆனார், பிறகு தாமே கான்ட்ராக்ட் எடுத்தார். மேட்டூர் அணை திறப்பதற்குள் வாய்க்கால்களைத் தூர் வாரிக் கரை கட்டிக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. அண்ணனுக்கு வாட்டசாட்டமான உடம்பு. அவர் இக்கரையில் தும்மினால் அக்கரையில் நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்போது ஆட்சி மாறிய புதிது. எங்கள் தெருவில் கருப்பு சிவப்புக் கொடி ஏறியது, அடுத்த தெருவில் செங்கொடி ஏறியது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு ஆட்கள் நின்றார்கள், மிராசுதாரர்கள் முடியாது என்றார்கள். பல ஊர்களில் விளைந்த கதிர் வயலிலேயே நின்றது. அண்ணன் மட்டும் தம் ஆட்கள் கேட்டதைக் கொடுத்தார், பாதி பணமாக, பாதி நெல்லாக. பண்ணையாரின் காரியக்காரர் வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டார்.

"நீ ஏத்திக் குடுத்தா நாங்க எப்புடிய்யா பண்ணையம் பாக்குறது?"

"நான் வாய்க்கால்தாங்க பாக்குறேன். இதுல தண்ணி வந்தாத்தானே உங்க பண்ணையமே?"

காரியக்காரர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நிழலில்தான் நின்றிருந்தார், எதற்கு விரித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிலச் சட்டங்கள் வருகின்றன என்று பயந்து பண்ணையார் கொஞ்சம் கொஞ்சமாக விற்றபோது, அப்பா உழுத அந்த மூன்று மாவை அண்ணன் கான்ட்ராக்டில் வந்த பணத்தில் வாங்கினார். பத்திரம் பதிந்த அன்று அண்ணி அந்த வரப்பில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிட்டார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் தஞ்சாவூர் வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. கான்ட்ராக்டில் வந்த தொகை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செலவு போனது தெரியவில்லை. கூலி கொடுத்ததற்கு அத்தாட்சியுடன் வராவிட்டால், வந்த தொகை முழுவதையும் வருமானமாக வைத்து வரி போடப்படும். அப்படிப் போட்டால் மூன்று மாவையும் விற்றுத்தான் கட்ட வேண்டும். காரியக்காரர் அதற்குள் என்ன விலை என்று கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மண் வேலையில், வெட்டிய குழியின் நடுவே ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பார்கள். ஓவர்சியர் வந்து அந்தத் திட்டின் உயரத்தை அளந்துதான் எவ்வளவு வெட்டியது என்று ஒத்துக்கொள்வார். அத்தாட்சி என்றால் கண்ணெதிரே நிற்க வேண்டும், அதுதான் அண்ணன் பழகிய முறை. ஆகவே அவர் காகிதம் எதையும் தேடவில்லை. ஆட்களையெல்லாம் திரட்டி, நீடாமங்கலத்தில் ரயிலேற்றி, தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். ஆட்களுக்குத் தலைவியான அஞ்சலை வெற்றிலைப் பையோடு முன்னால் நடந்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"யாருய்யா இவங்கல்லாம்?"

"ஐயா கேட்ட அத்தாட்சிங்க."

"நான் ரசீது கேட்டேன்யா!"

"நெல்லு அளந்து போட்டதுக்கு யாருங்க ரசீது குடுப்பா? வாங்குனவுங்க வந்துருக்காங்க, கேட்டுக்குங்க."

"இத்தன பேருக்கும் ரயில் சார்ஜ் யாரு போட்டது?"

"நாந்தாங்க."

"சரி, அந்த டிக்கெட்டாவது இருக்கா?"

"ஸ்டேசன் வாசல்லயே வாங்கிக்கிட்டாங்களேய்யா!"

அதிகாரி மேசையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அஞ்சலைக்கு மட்டும் கோபம். "சிரிச்சது போதுங்க சாமி. பொழுதோட ஊரு போயி ஒல வைக்கணும், சீக்கிரம் கேளுங்க" என்றாள்.

அவர் நல்ல மனிதர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, வாங்கிய கூலியைக் கேட்டு எழுதி, கைரேகை வாங்கினார். சாயங்காலம் வரை நடந்தது. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு முரண்படவில்லை. கூலிச் செலவை ஒத்துக்கொண்டார். வேலை தொடங்கும்போது எல்லைக் காளிக்கு வெட்டிய கிடாயின் செலவை மட்டும் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். "சாமி செலவு உன் சொந்தச் செலவு. இனிமே கூலி குடுக்கையிலயே பேரு எழுதி ரேகை வாங்கு. இவங்கள ரயில்ல ஏத்தாத" என்றார். மீதி வந்த சிறு வரியை அண்ணன் கட்டினார். மூன்று மா தப்பியது.

அதன் பிறகு அண்ணன் கும்பகோணத்தில் நான்கு பை வைத்துச் சட்டை தைத்துக்கொண்டார். கூலிக்கு ஒன்று, சாமானுக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அரசாங்கத்துப் பையில் பெற்ற பிள்ளை கை வைத்தாலும் விடமாட்டார். கிடாய்க்கு வீட்டுப் பையில்தான் எடுப்பார். "காளியாத்தாளுக்கும் எனக்கும் ஒரே பைதானா?" என்று அண்ணி வருடா வருடம் கேட்பார். "ரெண்டு பேருக்கும் பயந்துதானே நடக்குறேன்" என்பார் அண்ணன்.

கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடியே மேட்டூர் திறந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். திறப்பதற்கு முன் போய்விட்டார். வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், காரியம் முடியும் வரை அடுப்பை அணையவிடாத தெருப் பெண்களுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

அண்ணன் போன அன்று, நான் சொல்லி அனுப்புவதற்கு முன்பே அண்ணனின் பழைய ஆட்களும் அவர்கள் பிள்ளைகளும் மண்வெட்டியோடு வந்து, மழையில் இடிந்திருந்த சுடுகாட்டுப் பாதையைச் சீர்செய்து கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி என்று மட்டும் சொன்னால் போதாது. முதுகு வளைந்துபோன அஞ்சலை, அண்ணன் தலைமாட்டில் நின்று சத்தமாகச் சொன்னாள். அழுதுகொண்டிருந்த அண்ணியும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"அங்க போயி யாரும் கணக்கு கேட்டா எங்களக் கூப்புடுங்கய்யா. இந்தத் தடவ டிக்கெட்ட நாங்களே எடுத்துக்கிறோம்."